மதுவுக்கு மாற்று: மாதேஸ்வரன் மலைப் பகுதியின் புளித்த கேழ்வரகுப் பானம்

இந்திய அரசியலமைப்பின் 47ஆவது உறுப்பு அரசுக்கு இரண்டு கடமைகளை ஒருங்கே விதிக்கிறது. மக்களின் சத்துணவு நிலையையும் வாழ்க்கைத் தரத்தையும் உயர்த்திப் பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவது ஒன்று. உடல்நலத்திற்குக் கேடு பயக்கும் போதைப் பானங்களை, மருத்துவத் தேவை நீங்கலாக, விலக்க முயல்வது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே உறுப்பில் வைத்தது தற்செயல் அன்று. உழைப்பவரின் வயிறு நிறைவதும் அவரது கூலி மதுக்கடைக்குச் செல்லாமல் வீடு வந்து சேர்வதும் ஒரே பிரச்சினையின் இரு பக்கங்கள். ஆயினும் நடைமுறையில் மதுவிலக்கு ஒரு துறையின் பொறுப்பாகவும் சத்துணவு வேறொரு துறையின் பொறுப்பாகவும் பிரிந்தே நின்றுவிட்டன.

இப்பிரிவினையால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களில் ஏறத்தாழ 19 விழுக்காட்டினர் மது அருந்துபவர்கள். அதே ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். குடும்ப வருவாயில் ஒரு பகுதி மதுவுக்குச் செல்லும் வீடுகளில், உணவின் தரத்தில் நேரும் குறையை முதலில் தாங்குபவர்கள் பெண்களும் குழந்தைகளுமே.

அண்மைக் காலத்தில் பெங்களூரு, சென்னை போன்ற நகரங்களில் மதுவுக்கு மாற்றாகப் புளித்த பானங்கள் செல்வாக்குப் பெற்று வருகின்றன. தேயிலைச் சாற்றில் சர்க்கரை சேர்த்து நொதிக்கச் செய்யும் கொம்புச்சா இவற்றுள் முதன்மையானது. இவ்வார்வம் வரவேற்கத்தக்கதே. எனினும் மது அருந்தும் பழக்கத்தால் மிகுதியாகப் பாதிக்கப்படும் கூலித் தொழிலாளர் குடும்பங்களை இப்பானங்கள் எட்டுமா என்பதே வளர்ச்சித் திட்டங்களின் நோக்கிலிருந்து எழும் கேள்வி. இதற்கு விடை தேட, கர்நாடகமும் தமிழகமும் சந்திக்கும் மாதேஸ்வரன் மலைப் பகுதியும், அங்கு வழங்கிவரும் கேழ்வரகுப் பானமும் ஏற்ற சான்றுகளாக அமைகின்றன.

மலையும் தானியமும்

மாதேஸ்வரன் மலை இன்று கர்நாடக மாநிலத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. 1997ஆம் ஆண்டு அம்மாவட்டம் தனியாகப் பிரிக்கப்படும் வரை மைசூரு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதற்கும் முன்னர், 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மறுசீரமைக்கப்படும் வரை, இம்மலையை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மேட்டூரிலிருந்து கொளத்தூர், பாலாறு வழியாகச் செல்லும் சாலை இன்றும் தமிழகத்துப் பக்தர்களை இம்மலைக்குக் கொண்டு சேர்க்கிறது. அமாவாசை, சிவராத்திரி, தீபாவளி, யுகாதி நாட்களில் இரு மாநிலத்தவரும் இங்கே திரளாகக் கூடுகின்றனர். நடந்தே வருபவர்களும் பலர். கோயிலில் தாசோகம் எனப்படும் அன்னதானம் நடைபெற்று வருகிறது.

இம்மலைப் பகுதி பெரிதும் காடு சார்ந்தது. 2013ஆம் ஆண்டில் இது வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டைச் சார்ந்து வாழும் சோலிகர் பழங்குடியினருக்கும், சுற்றியுள்ள மானாவாரி உழவர்களுக்கும் கேழ்வரகே நெடுங்காலமாக முக்கிய உணவுத் தானியம். குறைந்த மழையிலும் விளைவது, பல ஆண்டுகள் சேமித்து வைத்தாலும் எளிதில் பூச்சி அரிக்காதது என்னும் இரு பண்புகள் இத்தானியத்தை வறட்சிக்கான காப்பீடாக ஆக்கின. நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் இடையே எழும் வழக்கில் கேழ்வரகே வெல்வதாகக் கனகதாசர் ‘ராமதான்ய சரிதை’ என்னும் கன்னட நூலை இயற்றினார் என்பது, இப்பகுதியின் பண்பாட்டில் இத்தானியத்திற்கு உள்ள மதிப்பைக் காட்டும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மண்டியாவில் அறிஞர் லட்சுமணையா இந்திய, ஆப்பிரிக்கக் கேழ்வரகு வகைகளை இணைத்து உருவாக்கிய ‘இண்டாப்’ இரகங்கள் விளைச்சலைப் பெருமளவு உயர்த்தின.

இத்தானியத்திலிருந்து செய்யப்படும் நீர்த்த உணவைக் கர்நாடகத்தில் அம்பலி என்றும் தமிழகத்தில் கூழ் என்றும் வழங்குவர். தமிழகத்து முறையில் கேழ்வரகு மாவை நீரில் கரைத்து ஓரிரவு புளிக்க விடுவர். மறுநாள் நொய்யரிசிக் கஞ்சியில் அம்மாவை ஊற்றிக் கிளறி வேகவைப்பர். வெந்த கூழை மீண்டும் ஓரிரவு வைத்திருந்து, காலையில் நீரோ மோரோ சேர்த்துக் கரைத்து, உப்பிட்டு, சின்ன வெங்காயத்துடனோ மோர் மிளகாயுடனோ அருந்துவர். வயலுக்குச் செல்பவருக்கு இது பசியையும் தாகத்தையும் ஒருங்கே தணிப்பது. ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பதும், கோடையில் நீர்மோர்ப் பந்தல் அமைப்பதும், புளித்த பானத்தைப் பொதுவில் இலவசமாக வழங்கும் பழமையான ஏற்பாடுகள் எனலாம்.

சட்டம் கண்ட அனுபவம்

மதுவுக்கு மாற்று என்னும் கருத்து புதியதன்று. 1937 அக்டோபர் 1ஆம் நாள் இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, கடைகளை மூடுவதோடு நின்றுவிடவில்லை. மாலை நேரத்தில் உழைப்பாளர் எங்கே செல்வார், எதை அருந்துவார் என்பதையும் கருதி, தேநீர், மோர் போன்ற பானங்களும் பஜனை, விளையாட்டு, கூத்து முதலிய பொழுதுபோக்குகளும் ஊக்குவிக்கப்பட்டன. இழக்கப்பட்ட ஆயத்தீர்வை வருவாயை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரி விதிக்கப்பட்டது. 1948 அக்டோபர் 2ஆம் நாள் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த மாதேஸ்வரன் மலையும் அச்சட்டத்தின் கீழ் வந்தது. எட்டாண்டுகளுக்குப் பின் மலை மாநிலம் மாறியபோது, பாலாற்றுக்கு இருபுறமும் வாழும் ஒரே வகை மக்கள் இரு வேறு மாநிலங்களுக்கு உட்பட்டனர்.

அதன் பின்னர் நடந்தவை அறிந்தவையே. தமிழகத்தில் 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. சில ஆண்டுகளில் மீண்டும் நடைமுறைக்கு வந்து, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் ஏற்றது. கர்நாடகம் 2007 ஜூலை 1 முதல் சாராய விற்பனையைத் தடை செய்தது. பிற மதுவகைகள் தொடர்ந்தன. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இவ்வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகிறது. சட்டம் வழங்கலைக் கட்டுப்படுத்தக் கூடியது; தேவையை அது தனித்து மாற்றுவதில்லை. உடல் அசதி, பசி, தாகம், மாலையில் நான்கு பேருடன் கூடியிருக்கும் விருப்பம் ஆகியவை ஒருவரை முதற்கோப்பையின் பக்கம் ஈர்க்கின்றன. இவற்றை வேறு வழியில் நிறைவு செய்யாத மதுவிலக்கு, 47ஆவது உறுப்பின் ஒரு பாதியை மட்டுமே நிறைவேற்ற முற்படுவதாகும்.

புளிப்பும் போதையும்

நொதித்தல் என்பது ஒன்றன்று, பலவகை. ஈஸ்டு என்னும் நுண்ணுயிரி சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. லாக்டிக் பாக்டீரியாக்களோ சர்க்கரையை முக்கியமாக லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. பால் தயிராவதும், இட்லி மாவும் கூழும் புளிப்பதும் பெரும்பாலும் இரண்டாம் வகையால் நிகழ்பவை.

ஒரே தானியம் எவ்வழியில் செல்லும் என்பதை முறையே தீர்மானிக்கிறது. சிக்கிம், டார்ஜிலிங் மலைகளில் வேகவைத்த கேழ்வரகில் ‘மார்ச்சா’ எனப்படும் நொதிக்கட்டியைச் சேர்க்கின்றனர். அதிலுள்ள பூஞ்சைகள் மாச்சத்தைச் சர்க்கரையாக்க, ஈஸ்டு அதனைச் சாராயமாக்குகிறது. பல நாட்களில் மது உருவாகிறது. தெற்கில் அத்தகைய கட்டி எதுவும் சேர்க்கப்படுவதில்லை. புளிக்க விடும் காலமும் குறுகியது. ஆகவே அமிலம் பெருகுகிறது. சாராயம் குறிப்பிடத்தக்க அளவில் உருவாவதில்லை. இமயத்தில் மதுவாகும் அதே கேழ்வரகு காவிரிக் கரையில் உணவாகிறது.

பதநீரின் கதை இதற்கு நேர்மாறானது. பனையிலோ தென்னையிலோ இறங்கும் இனிய சாறு, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிட்டால் சில மணி நேரத்திலேயே கள்ளாகத் தொடங்கும். எனவே அதனை மாற்றுப் பானமாக விற்க, குளிரூட்டலும் விரைந்த போக்குவரத்தும் தேவைப்படுகின்றன. கேரளத்தில் 2014 அளவில் பெரும் எதிர்பார்ப்புடன் தொடங்கப்பட்ட நீரா உற்பத்தி எதிர்பார்த்த வளர்ச்சியை எட்டாமைக்கு இக்காப்புச் சிக்கல் ஒரு முக்கியக் காரணம். கூழுக்கோ நேரம் பகையன்று. ஓரிரவு வைத்திருப்பதே அதன் செய்முறை.

சத்துணவு நோக்கில் கேழ்வரகின் சிறப்பு சுண்ணாம்புச் சத்தாகும். தேசியச் சத்துணவு நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் சுமார் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராமுக்கும் குறைவு. ஆனால் தானியத்திலுள்ள பைட்டேட் என்னும் பொருள் சுண்ணாம்பு, இரும்புச் சத்துகளை உடல் ஏற்பதைக் குறைக்கிறது. புளிக்க வைக்கும்போது பைட்டேஸ் நொதி செயல்பட்டு இத்தடையைத் தளர்த்துகிறது. கேழ்வரகை முளைகட்டுவதும் இப்பயனைத் தருகிறது. முன்னோர் அனுபவத்தால் கண்ட முறை, அறிவியல் நோக்கிலும் பொருத்தமுடையதாக உள்ளது.

மற்றொரு நுட்பமும் குறிப்பிடத்தக்கது. முதல் இரவில் வளரும் நுண்ணுயிரிகள் வேகவைக்கும்போது மடிகின்றன. வெந்த பின் இரண்டாம் இரவு வைத்திருப்பதாலேயே உயிருள்ள லாக்டிக் பாக்டீரியாக்கள் பானத்தில் மீண்டும் பெருகுகின்றன. பழைய சோற்று நீராகாரமும் இவ்வகையைச் சார்ந்தது. அதன் நலன் குறித்துச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆய்வு மேற்கொண்டுள்ளது. எனினும் இத்தகைய பானங்கள் நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வது அறிவியல் சான்றை மீறுவதாகும். நல்ல உணவு என்று சொல்வதே போதுமானது, அதுவே உண்மையுமாகும்.

பிற நாடுகளின் அனுபவம்

தானியத்தைப் புளிக்க வைத்துப் பருகும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் உள்ளது. ரஷ்யாவில் ரை தானிய ரொட்டியிலிருந்து குவாஸ் என்னும் இலேசான பானம் செய்து, கோடையில் தெருக்களில் தொட்டி வண்டிகளில் விற்றனர். துருக்கியில் தானியங்களிலிருந்து போசா என்னும் கெட்டியான பானம் தயாராகிறது. நமக்கு மிகவும் பயன்படும் எடுத்துக்காட்டு தென்னாப்பிரிக்காவின் மகேவு. மக்காச்சோளக் கஞ்சியைப் புளிக்க வைத்த வீட்டுப் பானமாக இருந்த இது, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆலைகளில் சீரான தரத்துடன் தயாரிக்கப்பட்டுச் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் வழங்கப்பட்டது. உழைப்பாளருக்கான புளித்த பானத்தைத் தன்மை கெடாமல் பேரளவில் செய்ய இயலும் என்பதை இது மெய்ப்பித்தது.

எச்சரிக்கை தரும் அனுபவமும் உண்டு. 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கொம்புச்சாப் புட்டிகள் பல கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அடைத்த புட்டிக்குள் நொதித்தல் தொடர்ந்ததால், அங்குள்ள 0.5 விழுக்காடு என்னும் வரம்பைச் சாராய அளவு மீறக்கூடும் என்பதே காரணம். இந்தியாவிலும் 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், கன அளவில் 0.5 விழுக்காட்டிற்கு மேல் சாராயம் உள்ள பானத்தை மதுபானமாகவே கருதுகின்றன. மதுவுக்கு மாற்று என விற்கப்படும் பானம் அறியாமலேயே மதுவாகிவிடக் கூடாது.

விலைக் கணக்கு

ஒரு மாற்றுப் பொருள் வெற்றி பெறுவது அதன் விலையைப் பொறுத்தது. நகரத்துக் கடைகளில் கொம்புச்சாப் புட்டி ஒன்றின் விலை, பெரும்பாலும் கூலித் தொழிலாளி ஒருவரின் ஒருவேளை உணவுச் செலவை விஞ்சுவதாக உள்ளது. அது வசதி படைத்தோரின் விருப்பத்தை நிறைவு செய்யலாம். மதுக்கடை வாயிலில் நிற்பவரை எட்டாது.

கேழ்வரகுக் கூழின் கணக்கு வேறு. 2025–26 சந்தைப் பருவத்திற்கு மத்திய அரசு கேழ்வரகுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். அதாவது கிலோவுக்கு 49 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஒரு பெரிய குவளைக் கூழுக்கு 50 கிராம் மாவு எனக் கொண்டால், ஒரு கிலோவில் 20 குவளைகள் கிடைக்கும். தானியச் செலவு குவளைக்கு ஏறத்தாழ இரண்டரை ரூபாய். அரைவை, நொய், மோர், எரிபொருள், உழைப்பு ஆகியவற்றைச் சேர்த்தாலும் இது எளியவர் வாங்கத்தக்க விலையிலேயே நிற்கும். அக்குவளையில் சுமார் 160 கிலோ கலோரி ஆற்றலும், வயது வந்தவருக்குப் பரிந்துரைக்கப்படும் 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கும் உள்ளன. மதுவும் ஆற்றல் தருகிறது. ஆனால் சத்துகள் அற்ற ஆற்றல் அது.

இங்கே ஓர் இடர்ப்பாட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2023ஆம் ஆண்டு சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டதைத் தொடர்ந்து நகரங்களில் கேழ்வரகின் தேவை பெருகியுள்ளது. உழவருக்கு இது நன்மை. ஆனால் பதப்படுத்திய பொருளாக நகரத்திற்குச் செல்லும் தானியம், விளைவித்தவர் வீட்டில் அரிசியாலும் தேநீராலும் இடம்பெயர்க்கப்படுமாயின், சத்து நகருக்கும் குறை மலைக்குமாகப் பங்கீடு அமைந்துவிடும். கர்நாடகத்தின் தென்பகுதியில் பொது விநியோகத்தில் கேழ்வரகு வழங்கப்படுவதும், தமிழகத்தில் 2023 முதல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியதும் இவ்வகையில் சரியான நடவடிக்கைகள்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, இடமும் நேரமும் கருதப்பட வேண்டும். கூழ் இன்று காலையில் விற்கப்படுகிறது; மதுக்கடை மாலையில் நிறைகிறது. வேலை முடிந்து திரும்பும் வழியில், பேருந்து நிலையத்திலும் வாரச் சந்தையிலும், அமர்ந்து பேச இடமுள்ள கூழ் நிலையங்கள் மாலையில் திறந்திருக்க வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதனை நடத்த ஏற்றவை. குடும்பத்தின் கூலி மதுவுக்குச் செல்வதால் பாதிக்கப்படுபவர்களுக்கே மாற்றின் வருவாய் செல்வது நியாயமுமாகும்.

இரண்டாவதாக, மாதேஸ்வரன் மலை போன்ற புனிதத் தலங்கள் நல்ல தொடக்க இடங்கள். நடைபயணமாக வருவோரின் களைப்பைத் தீர்க்கும் பானமாக அம்பலியை வழித்தடங்களில் வழங்கலாம். அதற்கான கேழ்வரகைச் சோலிகர்களிடமும் சுற்றுவட்டார உழவர்களிடமும் நேரடியாகக் கொள்முதல் செய்தால், தானியம் விளையும் இடத்திலேயே சந்தையும் உருவாகும்.

மூன்றாவதாக, தூய்மை பேணப்பட வேண்டும். அமிலத்தன்மை பல தீய நுண்ணுயிரிகளைத் தடுக்கும் என்பது உண்மையே. ஆயினும் வெந்த கூழில் கடைசியாகக் கலக்கும் நீர் மாசுற்றிருந்தால் புளிப்பு அதனைக் காப்பாற்றாது. கொதித்தாறிய நீர், மூடிய பாத்திரம், குறிப்பிட்ட நேரத்திற்குள் விற்பனை ஆகிய எளிய விதிகள் போதும். 1950 முதல் மைசூருவில் இயங்கிவரும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் போன்ற அமைப்புகள், ஒரே தரமான புளிப்பு மூலத்தையும் செய்முறையையும் சிறு குழுக்களுக்கு வகுத்துத் தர இயலும்.

நான்காவதாக, இப்பானத்தின் எல்லையை உணர வேண்டும். இது முதற்கோப்பைக்கு மாற்று, குடிநோய்க்கு மருந்தன்று. நீண்டகாலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது வலிப்பு, மனக்குழப்பம் முதலிய அபாயங்கள் நேரலாம். அத்தகையோருக்குப் பெங்களூருவிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தைப் போன்ற மையங்களிலும் மாவட்ட மருத்துவமனைகளிலும் முறையான சிகிச்சை தேவை. கூழ் நிலையம் அச்சிகிச்சைக்கு வழிகாட்டும் இடமாகவும் அமையலாம்.

மதுவால் கிடைக்கும் வருவாய் மாநில வரவுசெலவுத் திட்டத்தில் தெளிவாகத் தெரிகிறது. அதனால் நேரும் நோய், வேலை இழப்பு, குழந்தைகளின் சத்துக்குறைவு ஆகியவை எக்கணக்கிலும் ஒரே தலைப்பின் கீழ் வருவதில்லை. ஆகவே மாற்றுப் பானத்திற்குச் செலவிடும் சிறு தொகை மானியமாகத் தோன்றக்கூடும். உண்மையில் அது 47ஆவது உறுப்பின் இரு பாதிகளையும் ஒருங்கே நிறைவேற்றும் முதலீடாகும். புட்டிகளில் வரும் புதிய பானங்கள் நகரத்தாரின் பழக்கத்தை ஓரளவு மாற்றலாம். ஆனால் மானாவாரி நிலத்தின் உழைப்பாளருக்கு உரிய மாற்று அவரது சொந்த வயலிலேயே விளைகிறது. அதனை மாலை நேரத்தில், தூய்மையாக, அவர் வாங்கத்தக்க விலையில், மதிப்புடன் அமர்ந்து அருந்தும் இடத்தில் கிடைக்கச் செய்வதே நிருவாகத்தின் பணி.